முட்டி வலி என்று சொன்னவர்

புத்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் அம்மா வலது பக்கம் சீட்டில் படாமல், இடது பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் ஏன் என்று கேட்க, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நோவு முட்டியில இல்ல சரோஜா. இடுப்புக்குக் கீழ, இந்தப் பக்கம். டாக்டர்கிட்ட முட்டின்னு சொல்லிட்டேன்."

"இன்னாக்கா சொல்ற? ஆறு மாசமா முட்டிக்கா மாத்திரை துன்னுக்கினு இருக்க?"

"டாக்டர் ரூம்ல எம் பையன் பக்கத்துலயே நிக்கிறான். டாக்டர் எழுதற சீட்டு படிக்கிறவன் அவன்தானே. அவன் எதிர்ல பொடவைய எறக்கி எப்டிக் காட்டறது?"

"எனக்கும் அதே எடம்தான். எலும்பு மேல நீர்ப்பை வீங்கிக்கினு இருக்குதுன்னாங்க. அந்தப் பக்கம் படுக்காதன்னாங்க, எக்சசைஸ் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கும் கேக்கலன்னுதான் ஊசி."

"எனக்கும் இன்னிக்கி ஊசிதான். முட்டியில."

"நோவாத முட்டியிலயா? போட்டுக்கப் போறியா?"

"இத்தினி நாள் பொய் சொன்னேன்னு எப்டிச் சொல்றது? லீவு போட்டுட்டு வர்றான் அவன்."

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையன் ஃபைலோடு நின்றிருந்தான். என் வயதுதான் இருக்கும்.

"முட்டி எப்டி இருக்குதும்மா?"

அம்மா தரையைப் பார்த்தார்.

"நீ வெளியவே இரு நைனா. இன்னிக்கி டாக்டர்கிட்ட அக்காகூட நான் போறேன்," என்றார் சரோஜா.

"ஒனக்குச் சீட்டு படிக்கத் தெரியாதே சின்னம்மா."

"நோவுற எடத்தக் காட்டறதுக்குப் படிப்பு எதுக்குடா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவன் ஃபைலைச் சின்னம்மாவிடம் கொடுத்தான்.