நூற்று எழுபது சென்டிமீட்டர்

காலையில் படுக்கையை விட்டு எழும்போது மனிதன் கொஞ்சம் உயரமாக இருப்பான்; சாயங்காலத்துக்குள் அரை, முக்கால் சென்டிமீட்டர் குறைந்துவிடுவான். நம்பிக்கை இல்லையென்றால் நாளைக்கு உங்களையே சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள், இன்ஸ்பெக்டர். முப்பத்தோரு வருஷம் போலீஸில் இருந்தவன் நான், அதில் பாதி கவாத்து மைதானத்தில். எனக்கு அளவு தப்பாது.

ஓய்வு பெற்றதும் ஆரணிக்கு வெளியே, தேவிகாபுரம் போகும் சாலையில், கமலக்கண்ணன் போலீஸ் அகாடமியைத் தொடங்கினேன். பெயர்தான் பெரிது. இருப்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மைதானம், தொங்கிப் பழக ஓர் இரும்புக் கம்பி. காலை நாலரைக்கு விசில். பையன்கள் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, செல்போனில் கண்ணை வைத்துக்கொண்டு வந்து சேருவார்கள். ஆறு மாதம் கழித்து நான் அட்டென்ஷன் என்றால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட மாட்டார்கள். உடல் அளவுத் தேர்வில் என் பையன் ஒருவன்கூடத் தோற்றதில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

சதீஷ் பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பையன், அப்பா இல்லாதவன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான், ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. உயரம்தான் நூற்று அறுபத்தொன்பது புள்ளி நான்கு. வேண்டியது நூற்று எழுபது. வயது வரம்புப்படி அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அவன் அம்மா ஸ்வர்ணலதா என்னிடம் கொண்டுவந்து விட்டபோது சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது: "எப்டியாவது இவன போலீசாக்கி உட்ருங்க சார். அடிச்சாக்கூட ஏன்னு கேக்க மாட்டேன்."

எழுதிக்கொண்டீர்களா? இப்போது உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து என்னைச் சபிக்கிறாராம். அன்றைக்குச் சொன்னது அவருக்கு மறந்துபோயிருக்கும்.

தினமும் அவனைக் கம்பியில் தொங்கவிட்டேன். கணுக்காலில் மணல் மூட்டை, கை நழுவாமலிருக்க மணிக்கட்டைத் துண்டால் கம்பியோடு ஒரு கட்டு. முதலில் ஒரு நிமிடம், பிறகு மூன்று. படுக்கை வெறும் பலகையில். வீட்டுத் தறிப்பக்கமே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு போட்டேன், ஏனென்றால் தறிக்குழியில் காலை விட்டு நாளெல்லாம் குனிந்து உட்காருகிறவனின் முதுகெலும்பு அமுங்கிப்போகும். பதினைந்து நாளில் நூற்று அறுபத்தொன்பது புள்ளி எட்டு. அவன் என் காலில் விழுந்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆளைக் காணவில்லை. முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நிற்க, அம்மாவுக்குக் கை வீங்கிவிட, வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தறியில் உட்கார்ந்து நெய்திருக்கிறான். மூன்றாம் நாள் மதியம் வந்தவனைச் சுவரோரம் நிறுத்தினேன். நூற்று அறுபத்தொன்பது புள்ளி மூன்று. மறுநாள் காலை அளவெடுப்பு.

"கல்யாண வூட்டுக்காரங்க தெனமும் வந்து பேஜார் பண்ணிகினு இருந்தாங்கய்யா. அம்மாவால முடில," என்றான்.

நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவன் பயிற்சி கொடுக்க லாயக்கில்லாதவன். மாலை நாலரைக்கு அவனைக் கம்பியில் கட்டி, இரண்டு மூட்டைக்குப் பதில் நான்கு மூட்டை கட்டி, அவன் காலடியில் இருந்த ஸ்டூலை எடுத்தேன். மற்ற முப்பத்தேழு பேரையும் கம்பிக்கு முதுகு காட்டி வரிசையாக நிறுத்தினேன். கூட இருப்பவன் வலிப்படுவதை வேடிக்கை பார்ப்பது நல்ல பழக்கமில்லை.

பத்து நிமிடத்தில் கூப்பிட ஆரம்பித்தான். "ஐயா, மூச்சு முட்டுது. எறக்கி உட்ருங்கய்யா." பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். குணாவைத்தான் அதிகம் கூப்பிட்டான், இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். குணாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, தலை அசையவில்லை.

"திரும்பலாங்களாய்யா?" என்று குணா ஒரே ஒரு தடவை கேட்டான்.

"கூடாது," என்றேன். நின்றான். உங்கள் ஸ்டேஷனில் அப்படிப்பட்ட ஆள் ஒருவன் இருக்கிறானா, இன்ஸ்பெக்டர்? முப்பத்தேழு பேரில் ஒருவன் திரும்பியிருந்தால் என்னால் தடுத்திருக்க முடியாது. எனக்கு வயது அறுபத்திரண்டு. யாரும் திரும்பவில்லை. அதை நினைத்தால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்புறம் சத்தம் நின்றது. வலி பழகிவிட்டது என்று நினைத்தேன் என நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். அவன் தலை தொங்கியதைப் பார்த்தேன். உதடு நீலமானதையும் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்தெட்டு நிமிடம். நாற்பது என்று முடிவு செய்திருந்தேன். சொன்ன நேரத்தை நானே மாற்றினால் மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? நாற்பது முடிந்த பிறகுதான் கட்டை அவிழ்த்தேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஏன் இன்னும் கால் மணி நேரம் ஆனது என்று கேட்கிறீர்கள். வேலை இருந்தது. அவனைச் சிமென்ட் தரையில் நேராகக் கிடத்தி, குதிகாலைச் சுவரோடு சேர்த்து, உச்சந்தலையில் பலகையை வைத்து மூன்று தடவை அளந்தேன். குணாவைத் திரும்பச் சொல்லி அவனையும் அளவைப் பார்க்க வைத்தேன். அவன் வாந்தி எடுத்துவிட்டு வெளியே ஓடினான்.

கட்டித் தொங்கவிட்டுக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சதீஷைத் தோற்கவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நூற்று எழுபது புள்ளி இரண்டு இருந்தான்.