அடைக்காத பல்

பல்லின் வேருக்குள் ஒரு குழாய் இருப்பது பலருக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர். தலைமுடி நுழையும் அளவுதான். உள்ளே நரம்பு அழுகினால் சுரண்டி எடுத்துவிட்டுக் குழாயை அடைக்கிறோம். அடைப்பில் இடுக்கு இருந்தால் எச்சில் இறங்கும், கூடவே கிருமியும் இறங்கும். எந்தப் பொருள் இடுக்கில்லாமல் அடைக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

முதலில் பிடுங்கிய பற்களில் பார்த்தேன். வெவ்வேறு பொருளால் அடைத்து, நீலச் சாயத்தில் ஊறவைத்து, பிளந்து பார்ப்போம். சாயம் எவ்வளவு தூரம் நுழைந்ததோ அவ்வளவு கசிவு. நான் கலந்த பசைக்குள் சாயம் நுழையவே இல்லை. ஆனால் செத்த பல் வேறு, வாய் வேறு என்று ஆய்விதழ்க்காரர்கள் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பசையை விட்டால் என் வாழ்க்கையில் மிஞ்சியது எதுவுமில்லை. அதனால் ஈப்போவில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களின் வாயிலேயே தொடங்கினேன்.

சிலருக்கு என் பசை. சிலருக்கு வழக்கமான பொருள். அதுவும் ரப்பரைப் போல ஒரு மரத்துப் பால்தான். இதைச் சொன்னபோது பக்கத்துப் பத்து காஜா ஊரிலிருந்து வரும் நல்லம்மாள் அக்கா சிரித்தார். ரப்பர் எஸ்டேட்டில் என் அக்காவோடு பால் வெட்டியவர்.

"எஸ்டேட்ட மூடி எத்தன வருசமாச்சு கலா. இப்ப என் வாய்க்குள்ள தொறக்கப் போறியா லா?"

ஒப்பிடுவதற்கு, ஒன்றுமே அடைக்காத பற்களும் சில வேண்டும். அவை கசிந்தால்தான் சோதனை சரி. சீட்டுக் குலுக்கித்தான் போட்டேன், பாரபட்சமில்லை. நல்லம்மாள் அக்கா அந்தப் பிரிவில் விழுந்தார். வெறும் குழாயை மேலே மட்டும் மூடினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபக்கமாக மெல்லுவார், முடிவு பிசகும்.

வலி தொடங்கியது. மூடிய பல்லில் சீழ் சேர்ந்தால் மேலே வர வழியில்லை, தாடைக்குள் இறங்கும். திறந்துவிட்டால் வடிந்துவிடும், சின்ன வேலை. திறந்தால் ஒப்பீடு கெடும். கிருமி மருந்தும் கெடுக்கும். வலி மாத்திரை மட்டும் கொடுத்தேன்.

பிறகு அவர் கணவர் சன்னாசி மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தார். அக்காவின் கழுத்து வீங்கியிருந்தது.

"எச்சில்கூட முழுங்க முடியல டாக்டர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

"அங்க போனா பல்லப் புடுங்கிருவாங்க அண்ணே. மருந்து வேல செய்யுது, அதான் வீக்கம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் தயங்கினார். அக்காதான் கழுத்தைப் பிடித்தபடி அவரை அடக்கினார். "நம்ம கலா பொய் சொல்லாது லா. வண்டிய எடுங்க."

வீக்கம் நாக்கின் அடியில் பரவும்போது நாக்கு மேலே எழும்பும். மூச்சுப் போகும் வழி அடைபடும். அது எப்படி நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் அப்படித்தான் நடந்தது. நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அடைக்காமல் மூடிய மற்றவர்களின் பெயர்களைக் கேட்கிறீர்கள். தருகிறேன். ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். சோதனைக் காலம் முடியும்வரை அந்தப் பற்களை யாரும் திறக்க வேண்டாம். திறந்துவிட்டால் நல்லம்மாள் அக்கா பட்ட வலிக்கு ஒரு பயனும் இல்லாமல் போய்விடும்.