மல்லாட்டைக்கு விடும் ஈரம்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், கச்சிராயபாளையத்திலிருந்து வந்த எங்கள் பஸ் கள்ளக்குறிச்சிக்கு வெளியே நின்றுவிட்டது. கல் ஏதாவது வந்து விழுமோ என்று நான் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன். முன் சீட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய சம்சாரம்.

"உங்க குடலுக்குள்ள நீலக் கலர்ல ஜெல்லு ஏத்தப் போறாங்களாம்."

"நீலமா? இன்னாத்துக்கு?"

"கொழா வுட்டு, உள்ள மொளச்சிருக்குற சதைக்கு அடியில ஏத்துனா, அது உப்பிக்கினு மேல வருமாம். அப்புறம் கம்பியில சுருக்குப் போட்டு அறுத்துடுவாங்க. வவுத்தக் கிழிக்க மாட்டாங்க. புதுசா வந்த மருந்துன்னு டாக்டரு சொன்னாரு."

"வேரு உள்ளயே நின்னுட்டா? அதான பின்னால புத்துநோயாவும்னாங்க."

"மல்லாட்ட புடுங்கறதுக்கு முன்னாடி தண்ணி வுடறோம் இல்ல? காஞ்ச தரையில இழுத்தா கொடி மட்டும் வரும், கடல மண்ணுக்குள்ளயே நின்னுடும். ஈரத்துல இழுத்தா காயோட வரும். அதுமாதிரிதான்."

"ஈரத்துலயும் ரெண்டு காய் நின்னுடுதே."

"நின்னா மறுபடியும் கொழா வுட்டுப் பாப்பாரு. புடுங்கி முடிஞ்ச கொல்லையில உட்டுப்போன காய நான் போய்ப் பொறுக்கறதில்லயா?"

"நீ பொறுக்குனா எலிக்குக்கூட மிச்சம் இருக்காது. பேசாம நீயே உள்ள வந்து பாத்துடேன்."

"வுட்டா வருவேன். வுடலன்னா கதவாண்ட நிப்பேன்."

பஸ் கிளம்பியது. அவர் கம்பியை விட்டுவிட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.