மைக்செட்காரர் குரல்

எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. ஆவணக் காப்பகத்தில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் இப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துக்கொள்ளலாம்.

தலைவருடைய காகிதங்கள் எங்களிடம் சாக்குமூட்டையில்தான் வரும். கடிதங்கள், மனுக்கள், மேடைக் குறிப்புகள். மேடையில் முத்து முத்தாகப் பேசுகிற மனிதர் குறிப்புத்தாளில் மூக்கைத் துடைத்துப் போட்டிருப்பார். மனுவைப் பிரித்தால் எண்ணெய்க் கறை, உள்ளே கடித்துத் துப்பிய நகத்துண்டு. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டி, துடைத்து, தேதிவாரியாக அட்டைப்பெட்டியில் அடுக்குவேன். மத்தியானம் சோறு இறங்காது.

பேச்சு நாடாக்கள் இன்னும் மோசம். பேசிக்கொண்டே காறுவார். சளி தொண்டையில் புரளும் சத்தம் ஹெட்போன் வழியாக என் காதுக்குள் வந்து விழும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அந்த இடத்தை பிளேடால் வெட்டி, இரண்டு முனைகளையும் ஒட்டினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு செருமல்களை எடுத்தேன், பிறகு உளறல்களை. வீட்டில் சொன்னபோது என் மனைவிக்கு முகம் சுருங்கியது.

"அது தப்பில்லையா?"

"சளியை எடுத்தா தப்பா?" என்றேன்.

தொகுப்புகள் வெளிவந்தபோது தலைவர் பேச்சில் ஒரு பிசிறு கிடையாது என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பாராட்டு யாரைச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாடா ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. முந்தின நாள் சாயங்காலக் கூட்டம். கூட்டம் முடிந்த கையோடு சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவைக் கொளுத்திவிட்டார்கள். பத்தொன்பது பேர், அதில் இரண்டு கைக்குழந்தைகள். பேப்பரில் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். அதை மறைக்கவில்லை.

நாடாவைப் போட்டுக் கேட்டேன். நாற்பதாவது நிமிஷத்தில் தலைவர் அந்தத் தெருக்காரர்களின் தாய்மாரை வைத்து ஒரு வார்த்தை சொன்னார். வாயால் சொல்ல முடியாத வார்த்தை. அடுத்து, "ஒரு வீடு மிஞ்சக் கூடாது, போங்க" என்றார். கூட்டம் ஓவென்று இரைந்தது. கழுவறைக்குப் போய் வாய் கொப்பளித்தேன். அவ்வளவு நல்ல தமிழுக்கு நடுவில் அப்படி ஒரு வார்த்தை.

வெட்டினேன். மொத்தம் பதினான்கு விநாடி.

வெட்டிய இடத்தில் இரைச்சல் சட்டென்று தாவியது, கேட்கவே அசிங்கமாக இருந்தது. இட்டு நிரப்ப ஏதாவது வேண்டும். அதே நாடாவின் தொடக்கத்தில், தலைவர் வருவதற்கு முன்னால், கூட்டத்தைப் பதிவெடுத்து எங்களுக்கு அனுப்புகிற மைக்செட்காரர் பேசியது இருந்தது. மேடைக்கு எதிரே வழி அடைத்துக்கொண்டு நின்றவர்களிடம், "எல்லாரும் அந்தத் தெருப் பக்கம் போங்க. நிக்காதீங்க, போங்க, போங்க," என்கிறார். அதை எடுத்து ஒட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. முழுவதையும் புது நாடாவில் பதிவெடுத்துக்கொண்டு பழையதை எரித்தேன்.

தலைவர் சொல்லித்தான் செய்தேனா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இல்லை. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

வழக்கு வந்தது. ஒலிபெருக்கியில் யாரோ ஏவிவிட்டது கேட்டது, தலைவர் குரல் மாதிரிதான் இருந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். தலைவருடைய வக்கீல் நாடா வேண்டும் என்று கேட்டார். இதுதான் மூல நாடா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் ஓடவிட்டார்கள். கூட்டத்தை ஏவிவிட்டவர் என்று மைக்செட்காரரைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"குரல் என்னோடதுதாங்க," என்றார். "ஆனா அப்ப நான் பேசலை."

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கே அது சொத்தைப் பதிலாகத்தான் பட்டது. அழுக்கு விரலோடு நாடாவைத் தொடுகிற ஆள்; அவர் அனுப்பிய நாடா எதிலும் ரேகை இல்லாமல் இருக்காது. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மூன்றாவது வருஷம் நெஞ்சில் சளி கட்டி சிறையிலேயே போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் மனைவி வந்தாள். விண்ணப்பம் கொடுத்தால் யாரும் கேட்கலாம் என்பது எங்கள் விதி. விதியை நான் மீறியதில்லை.

"அவரு பேசினது வேற எதுலயும் இல்லைங்க," என்றாள். "ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

போட்டுக் காட்டினேன். அழுதாள். ஹெட்போனெல்லாம் ஈரம். அவள் போனபிறகு ஸ்பிரிட் போட்டு இரண்டு தடவை துடைத்தேன். மறுவருஷமும் வந்தாள். "நீங்க நல்லா இருக்கணும் சார்," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது தடவை அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னொரு தரம் போடுங்க."

போட்டேன்.

"அவரு பேசறப்போ பின்னால ஒரு பிள்ளை 'அப்பா'ன்னு கூப்பிடுது. கேக்குதா சார்?"

எனக்கு அது எப்போதோ கேட்டிருந்தது. கூட்டத்தில் ஏதோ ஒரு பிள்ளை என்று விட்டுவிட்டேன்.

"அது என் பொண்ணு. தலைவர் வர்றதுக்கு முன்னாடியே அவளைக் கூட்டிட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் தலைவர் பேச்சுக்கு நடுவுல அவ எப்படி வந்தா?"

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காலில் ஒட்டிய எதையோ பார்ப்பதுபோல. நேரே உங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்திருக்கிறாள்.

எல்லாம் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன். ஒன்றை மட்டும் அவள் யோசித்துப் பார்க்கவில்லை. கூட்டம் தொடங்கும் முன் மைக்செட்காரர்கள் பேசுவதை நான் எந்த நாடாவிலும் விட்டுவைப்பதில்லை. தேவையில்லாத பகுதி, முதலிலேயே வெட்டி எறிந்துவிடுவேன். இது ஒன்றில்தான் வைத்திருக்கிறேன். அவள் புருஷன் குரலும் பிள்ளையின் அந்த வயதுக் குரலும் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது என்னால்தான். அவளிடம் அதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.