அழத் தெரிந்தவள்

"பெரியம்மா, எங்கம்மாவுக்கு அங்க அழறதுதான் வேலையா?"

ஒரு குழந்தை போனில் என்னை இப்படிக் கேட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஐயா. ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, படுக்கை மாற்றுவது என்று ஒரு நர்ஸுக்கு எவ்வளவோ வேலை இருக்க, இது எங்கிருந்து இதைப் பிடித்தது என்று நினைத்தேன்.

"யாரு கண்ணு அப்படிச் சொன்னது?"

"அம்மாதான். இன்னிக்கு என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டா, அழுதேன்னு சொல்றாங்க."

"உங்கம்மா உன்கிட்ட விளையாடுறாடி. நீ சாப்டியா?" என்று பேச்சை மாற்றினேன். குழந்தைகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

உங்களிடம் சொல்லலாம். இன்று விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு வார்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டது யார்? வாட்ச்மேன்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போலீஸ் வழக்கும் வரும், உள்ளேதான் போவார் என்கிறார்கள். குழுவின் முன்னால் போவதற்குள் உங்களிடம் முழுவதையும் சொல்லிவிடலாம் என்று வந்தேன். உங்கள் முன்னால் வந்து உட்காருவது எனக்குப் பழக்கம்தானே. நீங்கள் குறுக்கே பேசுவதில்லை. அது பெரிய வசதி.

அந்தக் குழந்தையின் அம்மாவை வார்டில் எல்லோரும் குட்டி சிஸ்டர் என்போம். அவ்வளவு குள்ளம். சின்ன அளவுக் கவச உடை தீர்ந்துபோன நாட்களில் பெரியதை மாட்டிக்கொண்டு, கால் பக்கம் மடித்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நடப்பாள். நான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். தொற்று பரவிய பிறகு எங்களை வீட்டுக்கு விடாமல் விடுதியில் தங்க வைத்தார்கள். அவளும் நானும் ஒரே அறை. என்னை அக்கா என்பாள். காய்ச்சலில் அவள் கிடந்தபோது துணி துவைத்துப் போட்டிருக்கிறேன், தலை பின்னிவிட்டிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அவள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் வார்டுக்கு ஒரே கதவு. உள்ளே நோயாளிகள், வெளியே வராந்தாவில் சொந்தக்காரர்கள். அவர்கள் உள்ளே வந்து பார்க்க அனுமதி கிடையாது. பேசிக்கொண்டே நடந்து உள்ளே போனவரை, சில நாள் கழித்து ஒரு பையில் கட்டித்தான் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் கதவைத் திறந்துகொண்டு போய்ச் சேதி சொல்ல வேண்டும். சொல்லப் போகிறவர்தான் உள்ளே கொன்றுவிட்டு வந்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றும்போல.

முதலில் டாக்டர்கள்தான் போனார்கள். ஒரு சின்ன டாக்டரை, அவர் சொல்லி முடிப்பதற்குள், நாற்காலியைத் தூக்கி அடித்தார்கள். தாடை உடைந்தது. அடுத்து ஓர் ஆண் நர்ஸ் போனார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. அப்புறம் நான் போனேன். செத்துப்போன ஒரு தாயின் மகன் என் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்து, தலையைச் சுவரில் மோதினான். பெரிய காயமில்லை. எனக்குப் பயம் ஒன்றும் பிடித்துவிடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதவுப் பக்கம் போனாலே சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். அது வயசுக் கோளாறு.

அதன் பிறகு நிர்வாகத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சேதி சொல்ல ஒருவர் வெளியே போனால், வாட்ச்மேன் உள்பக்கம் நின்று கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கலாட்டா என்றால் போனவரை உள்ளே இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் தாழ்ப்பாள். வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனுஷர். "நீங்க தைரியமா போங்க சிஸ்டர், உங்க முதுகுக்குப் பின்னாலதான் நிக்கிறேன்" என்பார்.

குட்டி சிஸ்டர் முதலில் போனது தற்செயல்தான். மற்றவர்கள் கை ஓயாமல் வேலையில் இருந்தார்கள். இவள் போய் நின்றாள், வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். இறந்தவருக்கு மூன்று மகன்கள், ஒவ்வொருவனும் மலை மாதிரி. அன்றைக்கு ஒருத்தர் உயிர் போகும் என்றுதான் நினைத்தேன். மூத்தவன் அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தான். "நீ அழாதம்மா. உன்னால முடிஞ்சத நீ பாத்துட்ட" என்றான். பிறகு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

இதை அருள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த சாவுக்கும் அவளையே அனுப்பினேன். அதற்கடுத்ததற்கும். அவள் நடிக்கவில்லை, ஐயா. ஒவ்வொருவருக்காகவும் நிஜமாகவே அழுதாள். உள்ளே அவர்கள் உயிரோடு கிடந்தபோது கண்ணைத் துடைத்துவிட்டதும், கரண்டியில் தண்ணீர் கொடுத்ததும், பேரப்பிள்ளை கதை கேட்டதும் அவள்தானே. அந்தச் சின்னச் சின்ன அன்பெல்லாம் வெளியே வந்து வார்டையே காப்பாற்றியது. எங்களுக்கு அடி நின்றது. வார்டில் சிரிப்புகூடத் திரும்பி வந்தது.

"குட்டி சிஸ்டர் அழுதா ஒரு லாரி போலீஸ் வந்து எறங்குன மாதிரி" என்பான் படுக்கை தள்ளுகிறவன்.

"மெதுவா சொல்லுடா. அடுத்த வார்டுக்காரன் காதுல விழுந்தா கடன் கேட்பான்" என்பார் பெரிய டாக்டர்.

அவளும் சிரிப்பாள். "போங்க டாக்டர். எங்க வீட்டுக்காரர்கூட என் அழுகைக்கு இவ்ளோ மரியாதை தந்ததில்ல" என்பாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் வெளியே போகும்போதெல்லாம் வாட்ச்மேன் அண்ணனுக்கு ஏதாவது ஒரு வேலை சொல்வேன். கடைசிப் படுக்கைப் பெரியவருக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுங்கள், சிலிண்டரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கதவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். அவரும் சந்தோஷமாகப் போவார். யாருக்காவது ஒத்தாசையாக இருப்பதென்றால் அவருக்குப் பிடிக்கும். அவர் நகர்ந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவேன். ஒவ்வொரு முறையும். அவள் அழுது, சொல்லி முடித்து, காலடிச் சத்தம் அடங்கியதும் மெதுவாகத் திறந்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறது என்று நம்பித்தான் அவள் நின்றாள். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.

ஏன் போட்டேன் என்று கேட்டால், உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டு அத்தனை பேர் கிடந்தார்கள். கூட்டம் உள்ளே புகுந்தால் அவர்கள் கதி என்ன? ஒரு தலைமை நர்ஸ் எல்லோரையும் நினைக்க வேண்டும்.

போகப் போக அவளுக்குத் தூக்கம் குறைந்தது. படுக்கையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கையைக் கழுவ ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். "அக்கா, வராந்தால செருப்பு சத்தம் கேக்குது" என்பாள். நாங்கள் இருந்தது விடுதியில்.

ஊழியர்களின் மனநிலையைக் கேட்க ஒரு மனநல டாக்டர் அறைக்கே போன் செய்வார். அன்றைக்கு அவள் குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன். "அவ நல்லா இருக்கா டாக்டர். நல்லாத் தூங்குறா" என்றேன். அவள் பெயருக்கு எதிரே ஏதாவது குறித்து, ஓய்வு கொடு என்று அனுப்பிவிட்டால் கதவுக்கு யார் போவது? அவளே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒரு வாரம் லீவு கேட்டுப் பாருங்கக்கா. பாப்பாவ ஜன்னல் வழியா பாத்துட்டு வந்துடறேன்."

"கேட்டுட்டேன்டி. இப்ப யாருக்கும் இல்லைன்னுட்டாங்க."

நான் கேட்கவில்லை. அவளை ஏமாற்றக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். கேட்டு, அவர்கள் மாட்டேன் என்றால் இன்னும் மனசு விட்டுப்போயிருப்பாள்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் ஓர் இளைஞன் போய்விட்டான். கல்யாணமாகிச் சில மாதம்தான். வெளியே அண்ணன், மாமன்கள், நண்பர்கள் என்று பெருங்கூட்டம். குட்டி சிஸ்டரைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள்.

"அக்கா, இன்னிக்கு நான் வேண்டாம்க்கா. எனக்கு வரமாட்டேங்குது."

"என்னடி வரமாட்டேங்குது?"

"அழுகை. அந்தத் தம்பி போனப்ப பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணுமே வரல. கல்லு மாதிரி இருக்கு. பயமா இருக்குக்கா."

மயக்கத்தில் கிடப்பவர்களின் கண் உலர்ந்துவிடாமல் இருக்க நாங்கள் ஒரு சொட்டு மருந்து வைத்திருப்போம். அதை எடுத்து வந்தேன். அவள் முகத்துக் கண்ணாடித் தடுப்பை உயர்த்தி, இரண்டு கண்ணிலும் விட்டேன். கன்னத்தில் வழிந்தது. "இப்ப சரியாயிடுச்சு பாரு. போ" என்றேன். தடுப்பைத் தானே இறக்கிவிட்டுக்கொண்டாள். நல்ல பெண், ஐயா. மூத்தவர்கள் சொன்னால் தட்டமாட்டாள்.

வாட்ச்மேன் அண்ணனை வெந்நீருக்கு அனுப்பினேன். அவள் வெளியே போனாள். தாழ்ப்பாளைப் போட்டேன்.

கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். அவள் சொன்னாள். ரயில் எப்போது வரும் என்று சொல்கிற குரல். அந்த அண்ணன்காரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது அவள் சிரித்தாள். வேண்டுமென்று சிரித்த சிரிப்பு இல்லை அது. உள்ளே ஏதோ அறுந்துபோய், அழுகை வர வேண்டிய வழியில் அது வந்துவிட்டது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"என் தம்பி செத்துக் கெடக்குறான், சிரிக்கிறியா நீ?" என்று அவன் கேட்டது எனக்குக் கேட்டது.

அவள் திரும்பி ஓடி வந்து கதவில் மோதினாள். தள்ளினாள். திறக்காது என்று அவளுக்குத் தெரியாதே. இன்னொரு முறை தள்ளினாள். பிறகு தட்டினாள். "அக்கா, கதவு. அக்கா." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் கூப்பிட்டாள். நான் திரும்பி, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டேன். கதவு அதிர்வது முதுகில் தெரிந்தது. உள்ளே இருந்த நோயாளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களுக்காகத்தான் நிற்கிறேன் என்பது மறந்துவிடக் கூடாதல்லவா.

வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் திறந்தார். அவள்மேல் கவிழ்ந்து படுத்து, தன் தலையில் அடி வாங்கி, அவளை உள்ளே இழுத்து வந்தார். கூட்டம் உள்ளே வரவில்லை. வராந்தாவிலேயே நின்று அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் வார்டிலேயே ஒரு படுக்கையில் அவளைப் போட்டோம். சில நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை. அவள் கண் உலராமல் நான்தான் சொட்டு மருந்து விட்டேன். அவள் போனதும் வீட்டுக்காரருக்குச் சேதி சொல்ல வேறு யாரையோ அனுப்பினார்கள். எனக்கு அன்றைக்குத் தலைவலி.

பிறகு கேள்வி வந்தது. தாழ்ப்பாளைப் போட்டது யார் கை? வாட்ச்மேன் வேலை அது. அவர் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். தலையில் கட்டோடு படிக்கட்டில் என்னைப் பார்த்தார்.

"அழாதீங்க சிஸ்டர்" என்றார். நான் அழவில்லை. "அந்த நேரத்துல பயத்துல யாருக்கும் கை தானாப் போயிடும். ஒரு தடவ தப்பு நடந்துபோச்சு. உங்களுக்கு இத்தன வருஷ சர்வீஸு. நான் நெனவில்லைன்னு சொல்லிட்டேன். எனக்கென்ன, ஒரு வயிறு, எங்கயாவது பொழச்சுக்குவேன்."

ஒரு தடவை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பயம் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. அவர் எனக்குச் செய்தது பெரிய உபகாரம். அவருக்கு நான் ஓர் உண்மை கடன்பட்டிருக்கிறேன் என்பது அன்றிலிருந்து நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இப்போது சொல்லிவிட்டேன். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டது நான். அன்றைக்கும், அதற்கு முன்னால் எல்லா நாளும். சொன்னதும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது பாருங்கள். அந்த நல்ல மனிதரின் கடனை அடைத்துவிட்டேன். சாட்சிக்கு ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரியின் இந்தப் பிரார்த்தனை அறையில் காலி நாற்காலிகளும் நீங்களும்தான். நல்ல காரியத்தை நாலு பேர் பார்க்கத்தான் செய்ய வேண்டுமா என்ன.

வெளியே கூப்பிடுகிறார்கள். என் முறை வந்துவிட்டது. குழுவிடம் என்ன சொல்வேன் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஏற்கனவே எழுதிக் கொடுத்ததையே சொல்வேன். மாற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. உண்மை தெரிய வேண்டிய இடத்துக்குத் தெரிந்துவிட்டது, கடவுளே. அதை மனிதர்களிடம் இன்னொரு தடவை சொல்லித்தான் ஆக வேண்டும் என்றிருந்தால், இவ்வளவு நேரத்தில் நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள்.