சல்லடையை நான் மூடிய விதம்

மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களில், யாராவது வணக்கம் சொன்னால் நின்று பதில் சொல்கிறவன் நான் ஒருவன்தான், மேடம். மற்றவர்கள் கையை அசைத்துவிட்டு வேகத்தைக் குறைக்காமல் போய்விடுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று இந்த ஸ்டேஷனில் உங்கள் ஏட்டு என்னைப் பார்த்து, "மனுஷங்க மேல இன்னா சார் உனுக்கு அப்படி ஒரு காண்டு?" என்று கேட்டார். எனக்கு யார் மேலும் காண்டு கிடையாது. எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் சுவாமிநாதன், வயது அறுபத்திரண்டு, மந்தைவெளியில் வீடு. வங்கியின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். பதினோரு வருடங்களாக நாங்கள் மூன்று பேர் 'சல்லடை' என்ற சேவையை இலவசமாக நடத்திவந்தோம். அது குப்பை மெயில் அனுப்பும் கணினிகளின் பட்டியல். ஓர் அலுவலகத்துக்கு மெயில் வந்தால், அந்த அலுவலகத்தின் சர்வர் முதலில் எங்கள் பட்டியலைக் கேட்கும்: இவரை உள்ளே விடலாமா? பட்டியலில் பெயர் இருந்தால் மெயில் வாசலோடு திரும்பிவிடும். நாலாயிரம் அலுவலகங்கள் எங்களைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தன. என் வீட்டில் காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதைக்கூட என்னைக் கேட்டு முடிவுசெய்வதில்லை.

நிரலை எழுதியது குருபிரசாத். அடையாறு, நாற்பத்தொரு வயது, மென்பொருள் வேலை. புகார்களுக்குப் பதில் எழுதியது யாசிர். ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிறார். யாரைப் பட்டியலில் சேர்ப்பது, யாரை எடுப்பது என்பது என் பொறுப்பு. நானாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. மற்ற இருவருக்கும் நேரமில்லை.

அந்தப் பொறுப்பை நான் எவ்வளவு நேர்மையாகச் செய்தேன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரை என்பவர் ஆடித் தள்ளுபடி மெயிலை லட்சம் பேருக்குத் தட்டிவிட்டார். பட்டியலில் போட்டேன். அவரே மந்தைவெளிக்கு வந்து, என் வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பட்டு வேட்டியை எடுத்து வைத்தார். "அண்ணாச்சி, தெரியாம பண்ணிட்டோம். சப்ளையருக்குக்கூட மெயில் போவ மாட்டேங்கு. கொஞ்சம் பாத்து விடுங்க." வேட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றே எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வேட்டி கொண்டுவந்ததால் மூன்று நாள் கூட்டி வைத்தேன். போகும்போது இரண்டு தடவை கும்பிட்டார். வங்கியில் முப்பத்துநாலு வருடம் இருந்தேன், மேடம். ஒருவரும் ஒரு தடவைகூட அப்படிக் கும்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் சந்திப்போம். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு ஞாயிறு குரு சொன்னான்: "சார், பின்லாந்துல ஒரு யூனிவர்சிட்டில ரிசர்ச் போஸ்ட். இன்டர்வியூ மெயில் இந்த வாரம் வந்துடும்னு நெனைக்கறேன். கெடச்சா குடும்பத்தோட கெளம்பிடுவேன். நான் போயிட்டா சல்லடைய யார் மெயின்டெயின் பண்றது? மரியாதையா மூடிடலாம்."

நான்தான் முதலில் கைகுலுக்கினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், பேப்பர் படித்தேன், பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வரைப் பட்டியலில் சேர்த்தேன்.

குருவின் மெயிலும் சல்லடை வழியாகத்தான் வரும். தான் எழுதிய நிரல் தன்னையே தடுக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. திரும்பிவந்த மெயிலைப் பார்த்து, ஆளைத் தேடித் தொலைபேசியில் கூப்பிடும் பொறுமை அந்த ஊர்க்காரர்களுக்கும் இருக்கவில்லை. வரிசையில் அடுத்த ஆள் இருந்திருப்பார். குரு ஒரு மாதம் காத்திருந்தான், எடை குறைந்தான். என் மனைவி கோமளம், "ஏன்னா, குரு மொகமே நன்னால்லையே. ஆத்துக்கு அழைச்சுண்டு வாங்கோ, ஒரு நாள் நன்னா சமைச்சுப் போடறேன்" என்றாள். அழைத்துவந்தேன். அன்று நான் சொன்ன ஆறுதலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அதன்பின் கனடாவில் ஒரு கம்பெனி, சிங்கப்பூரில் ஒன்று. என்னிடம் சொல்லாமல் அவன் எதற்கும் விண்ணப்பிக்க மாட்டான். மொத்தம் மூன்று வரிகள் சேர்த்தேன், அவ்வளவுதான். லட்சக்கணக்கான வரிகள் உள்ள பட்டியலில் மூன்று.

இந்த ஜூலையில் யாசிர் மெஸ்ஸுக்கு ஒரு புகாரோடு வந்தார். கோயம்புத்தூரில் இருந்து மதுமதி என்ற பெண் எழுதியிருந்தாள். பின்லாந்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்ததைச் சொல்லும் மெயில், அவள் கல்லூரி முகவரிக்கு வராமல் திரும்பிவிட்டதாம். கெடு முடிந்து இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. திரும்பிய மெயிலில் காரணம் என்று சல்லடையின் பெயர் இருந்தது.

"இது ஸ்பாம் அனுப்பற எடமே இல்ல சார். யார் போட்டது இத?" என்றார் யாசிர்.

குரு இட்லியை விண்டபடியே சிரித்தான். "அட, இது நான் அப்ளை பண்ண யூனிவர்சிட்டி." சிரிப்பு பாதியில் நின்றது. "சார், அந்த சேஞ்ச் ரெக்கார்டு பாக்கணுமே. சாயந்தரம் திருச்சி போறேன். நாளைக்குத் திரும்பி வந்து பாக்கறேன்."

"நான் பார்த்து வைக்கிறேன், நீ நிம்மதியாகப் போய்வா" என்றேன். சாம்பாரை இன்னொரு தடவை கேட்டு வாங்கி அவன் தட்டில் ஊற்றச் சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சல்லடையை மூடினேன். முகப்பில் ஓர் அறிவிப்பு எழுதினேன்: பதினோரு ஆண்டுகள் தன்னார்வலர்களாகச் செய்த சேவை களைப்பின் காரணமாக முடிவுக்கு வருகிறது, ஆதரவுக்கு நன்றி. நல்ல நடை, நீங்களே படித்திருப்பீர்கள். யார் எதை எப்போது சேர்த்தார்கள் என்ற பதிவுகளை அழித்தேன். ஆனால் பட்டியலை வெறுமனே அழித்தால், நேற்று அதில் என்ன இருந்தது என்று யாராவது தேடுவார்கள். அதனால் எல்லா வரிகளையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு வரி போட்டேன். அதன் பொருள், உலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளும். எல்லோரும் இருக்கிற பட்டியலில் மூன்று பேரை யாரும் தேட மாட்டார்கள் அல்லவா?

இதையெல்லாம் குருவின் கடவுச்சொல்லைப் போட்டுச் செய்தேன். மகள் பெயரும் அவள் பிறந்த வருடமும். மாற்று மாற்று என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்து எங்களைக் கேட்பதை நிறுத்தும்வரை, ஐம்பத்துமூன்று மணி நேரம் நாலாயிரம் அலுவலகங்களுக்கு ஒரு மெயிலும் வரவில்லை. மெயில் நின்றால் எல்லோரும் முதலில் தங்கள் இன்டர்நெட்டைத்தான் திட்டுவார்கள். எங்கள் அறிவிப்பைப் படிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு சின்னக் கிளினிக்குக்கு வரவேண்டிய ரத்தப் பரிசோதனை முடிவும் அதில் நின்றுபோனது. நோயாளியின் பெயர் தங்கம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இரண்டு நாள் தாமதத்தில் அந்த அம்மாள் தீவிர சிகிச்சைக்குப் போகும்படி ஆயிற்று. நேற்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

கிளினிக்கின் புகார் வந்ததும் நீங்கள் குருவைப் பிடித்தீர்கள். கடவுச்சொல் அவனுடையது, நீங்கள் செய்தது முறைதான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு நாள் அவனை இங்கே வரவழைத்து உட்காரவைத்தீர்கள். கம்பெனியில் தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள். நான் தினமும் அவன் வீட்டுக்குப் போய் அவன் மனைவிக்குத் தைரியம் சொன்னேன். வக்கீல் பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

நேற்று காலை யாசிர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டு. அவருக்குத் திரையில் படிப்பது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் மாதாமாதம் சல்லடையின் பதிவுகளை, தப்பாக அச்சான கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார் என்பது தெரியாது. மூன்று பத்திரிகைகளைச் சோபாவில் பரப்பினார். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரிக்குச் சிவப்புக் கோடு, பக்கத்தில் என் பெயர்.

"பதினோரு வருசமா ஒண்ணா துன்னுகினு இருந்தோம் சார்" என்றார். "அந்த மனுசன் உங்கள அப்பா மாதிரி நெனச்சிகினு கீறாரு. இப்பக்கூட உங்க வக்கீலத்தான் நம்பிகினு கீறாரு. நீங்களே வந்து சொல்றீங்களா, நான் போய் சொல்லட்டா?"

கோமளம் இரண்டு காபி டம்ளர்களோடு வாசற்படியில் நின்றாள். ஒன்றை யாசிரிடம் கொடுத்தாள். எனக்குக் கொண்டுவந்ததை உள்ளே திரும்ப எடுத்துப் போய்விட்டாள்.

சட்டையை மாற்றிக்கொண்டு யாசிரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். நிற்க முடியவில்லை.

அவ்வளவுதான், மேடம். மூன்று வரிகளும் நான் சேர்த்தவை, அந்த ஒரு வரியும் நான் போட்டது. குருவுக்கு எதுவும் தெரியாது. எங்கே கையெழுத்து வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். குருவின் பாஸ்போர்ட் உங்கள் பீரோவில் இருக்கிறதே, அதை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். ஓர் ஆறு மாதம் போகட்டும். இப்போது மனசொடிந்து இருக்கிறான். இந்த நிலைமையில் தெரியாத ஊருக்குப் போய்விட்டால், அவனைப் பார்த்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்?