கையை எடுத்தால் நின்றுவிடும்

அமான்சியோ: ...சரி சரி, முறைக்காதே. உன் ரெண்டாம் புருஷனுக்குக் காய்ச்சல் எவ்வளவு, அதை மட்டும் சொல்லு.

எலிகியா: அதுக்குப் பேரு சர்வர். நாப்பத்தொண்ணுல இருக்கு. நாப்பத்தஞ்சைத் தொட்டா தானாவே அணைஞ்சிடும். நீங்க போய் ஏசியைப் பாருங்க.

அமான்சியோ: நீங்களா? பாருங்களா? தாலி கட்டாத குறையா மாதா கோயில்ல மோதிரம் மாத்தினவனை...

எலிகியா: ஏசி மெக்கானிக்கை எல்லாம் நான் நீங்கன்னுதான் கூப்பிடுவேன். உங்க கம்பெனியில வேற ஆளே கிடைக்கலையா?

அமான்சியோ: நாளைக்குக் காக்குபே மாதா திருநாள். அசுன்சியோன்ல பாதிப் பேர் காலையிலேயே அந்தக் கோயிலுக்கு நடக்க ஆரம்பிச்சாச்சு. நேர்த்திக்கடன் இல்லாத பாவி நான் ஒருத்தன்தான் மிச்சம். ‘பல்கலைக்கழக நூலகத்துல ஏசி நின்னுடுச்சு, போறியா’ன்னாங்க...

எலிகியா: நீங்களும் மாட்டேன்னு சொல்லலை.

அமான்சியோ: சொல்லியிருப்பேன். வாய் வரலை.

எலிகியா: ...வெளி யூனிட் சன்னலுக்கு அந்தப் பக்கம், திட்டு மேல இருக்கு. மாமரக் கிளையைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க. ஓடு உடைஞ்சு கிடக்கு, பார்த்து.

அமான்சியோ: ஒரு நாள் அணைஞ்சாதான் என்ன குடி முழுகிடும்? நாளைக்கு லீவுதானே?

எலிகியா: முழுகும். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள தீசிஸை ஏத்தியாகணும். ஏத்தாதவங்களுக்கு இந்த வருஷம் பட்டம் கிடையாது. பதினேழு பேர் பாக்கி. இந்தப் பெட்டி அணைஞ்சா பதினேழு பேருக்கும் ஒரு வருஷம் மண்ணாப் போச்சு.

அமான்சியோ: கெடுவைக் கொஞ்சம் தள்ளிப் போடறது.

எலிகியா: அது மேலிடத்துல போட்ட கெடு. தள்ளிப் போட நான் யாரு? வாசலைத் திறந்து வைக்கிறதுதான் என் வேலை. சூடு குறையட்டும்னு ஒண்ணொண்ணா அணைச்சுட்டு வரேன். புத்தகப் பட்டியலை அணைச்சாச்சு, பழைய செய்தித்தாளை அணைச்சாச்சு. தீசிஸும், வீட்டிலிருந்து ஆய்விதழ் படிக்கிறவங்களுக்கான வழியும் மட்டும்தான் ஓடுது... இருங்க, போன். ஹலோ, நூலகம்... தெரியும் பேராசிரியரே, பழைய செய்தித்தாள் திறக்காது... நான்தான் அணைச்சேன்... இல்லை பேராசிரியரே, அந்தக் காலத்துல போர் முடிஞ்சது முடிஞ்சதுதான், நாளன்னிக்குப் படிச்சாலும் அதே தேதியிலதான் முடிஞ்சிருக்கும்... சரி, மேலதிகாரிகிட்ட தாராளமா எழுதுங்க.

அமான்சியோ: யாரு, இன்ஸ்ஃப்ரான் கிழவரா? இன்னும் உன்னை விடலையா?

எலிகியா: அவர் விடலை, நீங்கதான் விட்டீங்க. வேலையைப் பாருங்க.

அமான்சியோ: ...ஐயோ!

எலிகியா: அமான்சியோ! பிடிச்சுக்கோ! கிளையைப் பிடி! அறிவில்லை உனக்கு? விழுந்து எலும்பை முறிச்சுக்கிட்டா உன்னை யாரு தூக்கறது? எங்கே இருக்கே? அமான்சியோ!

அமான்சியோ: இங்கேதான். மாம்பழம் ஒண்ணு தலையில விழுந்துச்சு. அதுக்குத்தான் கத்தினேன்.

எலிகியா: ...மாம்பழமா?

அமான்சியோ: நல்ல பழுத்த பழம். ஆனா எலிகியா, ‘நீ’ வந்துடுச்சு பாரு, வாய்க்கு.

எலிகியா: வாயை மூடிக்கிட்டு மூடியைக் கழட்டு.

அமான்சியோ: கழட்டிட்டேன். அட... இங்கே ஒரு சமாதி இருக்கு. பல்லி.

எலிகியா: பல்லியா?

அமான்சியோ: கதகதன்னு இருக்குன்னு காண்டாக்டர் சுவிட்சுக்குள்ள போய்ப் படுத்திருக்கு. மொறுமொறுன்னு வறுத்துடுச்சு கரண்டு. இது அமுங்கினாத்தான் கம்ப்ரஸர் ஓடும். அமுக்கற சுருள் கருகிப் போச்சு.

எலிகியா: வேற ஒண்ணு வாங்கி மாட்டு.

அமான்சியோ: எங்கே வாங்க? கடைக்காரன் ஊதின காலோட காக்குபே ரோட்டுல நடந்துக்கிட்டிருப்பான்.

எலிகியா: அமான்சியோ, நாப்பத்திமூணு.

அமான்சியோ: இரு. பதறாதே. இந்த மரக்குச்சியால அழுத்திப் பார்க்கறேன்... கேக்குதா?

எலிகியா: ஓடுது! காத்து வருது! மாதாவே... குளுகுளுன்னு வருதுய்யா!

அமான்சியோ: வருதுல்ல? இப்ப கையை எடுக்கறேன் பாரு.

எலிகியா: நின்னுடுச்சு! எடுக்காதே! அழுத்து!

அமான்சியோ: அதான் விஷயம். கையை எடுத்தா நின்னுடும். அஞ்சு மணி வரைக்கும் நான் இப்படியே குந்திக்கிட்டு அழுத்திப் பிடிச்சாகணும்.

எலிகியா: இந்த வெயில்லயா?

அமான்சியோ: பதினேழு பிள்ளைங்கன்னியே.

எலிகியா: ...இரு, தெரெரே கொண்டு வரேன். இலைத்தூள்ல ஊத்த ஐஸ் தண்ணி இருக்கு.

அமான்சியோ: கையில கப்பு வாங்க முடியாது.

எலிகியா: தெரியும். குழலை உன் வாயிலயே வைக்கறேன். இந்தா, உறிஞ்சு... மெல்ல. புரையேறப் போகுது. நீ ‘நன்றி’ன்னு சொன்னாத்தான் போதும்னு நான் நிறுத்துவேன். ஞாபகம் இருக்குல்ல?

அமான்சியோ: அந்த வார்த்தையே மறந்து போச்சு எனக்கு. இன்னும் ஊத்து.

எலிகியா: இளைச்சுட்டே. உங்கக்கா சோறு போடறாளா இல்லையா?

அமான்சியோ: போடறா. போடறப்பல்லாம் ‘எப்ப உன் வீட்டுக்குப் போவே’ன்னு கேட்டுக்கிட்டே போடறா. எப்படி உடம்புல ஒட்டும்?

எலிகியா: ஒரு வாரம் லூக்கேல அக்கா வீட்டுல இருந்துட்டு வரேன்னு போனவன் நீ.

அமான்சியோ: நீ கூப்பிடுவேன்னு நினைச்சேன்.

எலிகியா: நீ வருவேன்னு நான் நினைச்சேன். வாசல் லைட்டைக்கூட அணைக்காமத்தான் கொஞ்ச நாள் தூங்கினேன், போ.

அமான்சியோ: ...எனக்குத் தெரியாதே.

எலிகியா: தெரிஞ்சிருந்தா?

அமான்சியோ: ராவோட ராவா நடந்தே வந்திருப்பேன். எலிகியா, அன்னிக்கு நான் வீட்டு நெட் ஒயரைப் பிடுங்கினது...

எலிகியா: அதை எடுக்காதே இப்ப. மருத்துவக் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்க ஆளுங்க வந்து உட்கார்ந்திருக்காங்க, இங்கே ஒரு ஆய்விதழும் திறக்கலை, என்னைக் கூப்பிட்டா நான் கிடைக்கலை. திங்கக்கிழமை எனக்கு விழுந்த திட்டு இருக்கே...

அமான்சியோ: உன் போனு மணியடிக்காம ஒரு வேளை சோறு திங்கணும்னு ஆசைப்பட்டேன். என் பொறந்த நாளு அது.

எலிகியா: ...கறியை நான் கருக விட்டது ஞாபகம் இருக்கு. அதுக்கு முந்தின வருஷமும் கருக விட்டேன். இரு, போன்... பார்த்தியா, பேச்சை எடுத்ததும் அடிக்குது.

அமான்சியோ: போ, எடு. யாராவது பிள்ளையா இருக்கும்.

எலிகியா: ஹலோ, நூலகம்... அழாதேம்மா. முதல்ல பேரைச் சொல்லு... தெய்சி. எங்கேருந்து? சாக்கோலேருந்தா... எவ்வளவு ஏறி நிக்குது? பாதியிலயா... படம் எத்தனை வெச்சிருக்கே? அடேயப்பா, ஆல்பமா போட்டிருக்கே? சரி, கேளு. படத்தையெல்லாம் தனியாப் பிரிச்சு ரெண்டாவது கோப்பா ஏத்து. நான் இங்கே சேர்த்துக்கறேன்... சிக்னல் எங்கே வருது? தண்ணித் தொட்டி மேலயா? ஏறு, ஆனா மெல்ல ஏறு, செருப்பைக் கழட்டிட்டு ஏறு... அமான்சியோ! சத்தம் நின்னுடுச்சு!

அமான்சியோ: கை வழுக்கிடுச்சு! வேர்வை! நீ பேசு, நான் பார்த்துக்கறேன்!

எலிகியா: ஏறுது அமான்சியோ! நாப்பத்திரண்டு... நீ லைன்லயே இரு தெய்சி கண்ணு... நாப்பத்திமூணு! அமான்சியோ!

அமான்சியோ: இதோ, இதோ... கொஞ்சம் சூடாயிருக்கு, ஆற விடணும்... ஆங்! பிடிச்சுட்டேன்!

எலிகியா: ஓடுது... ஓடுது. தெய்சி, இருக்கியா? அனுப்பு இப்போ. நான் திரையைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருக்கேன், எங்கேயும் போகமாட்டேன்... வருது... வருது... நீ மூச்சு விடு முதல்ல... வந்துடுச்சு கண்ணு. முழுசா வந்துடுச்சு. இறங்கு. மெல்ல இறங்கு. உங்கம்மாகிட்ட சொல்லு, போ.

அமான்சியோ: ...என்கிட்ட இப்படிப் பேசி எவ்வளவு நாளாச்சு நீ.

எலிகியா: நீ தண்ணித் தொட்டி மேல ஏறலையே.

அமான்சியோ: திட்டு மேல ஏறியிருக்கேனே, கணக்குல வராதா? சரி... அவ்வளவுதானா? எல்லாரும் வந்தாச்சா? அப்ப நான் கையை எடுத்துட்டுக் கிளம்...

எலிகியா: இல்லை.

அமான்சியோ: இல்லையா?

எலிகியா: இன்னும் ஒருத்தன் இருக்கான்.

நிமியா: அக்கா, ஐஸ் கொண்டு வந்திருக்கேன். அடடே, அமான்சியோ அண்ணனா அது? வெளியில குரங்கு மாதிரி...

அமான்சியோ: வா நிமியா. நல்லா இருக்கியா? கையை ஆட்ட முடியாது, கோச்சுக்காதே.

நிமியா: எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு போல. கீழே நம்ம கவுண்டர் திரையில இப்பத்தான் பார்த்தேன், தீசிஸ் வரிசையில ஒருத்தரும்...

எலிகியா: ஒருத்தன் இருக்கான்.

நிமியா: எங்கே? நான் பார்த்தப்போ காலியா...

எலிகியா: நிமியா, நீ காக்குபேக்கு நடக்கணும்னியே. வெயில் தாழுது, கிளம்பு. நான் பூட்டிக்கறேன்.

நிமியா: அஞ்சு மணிக்குத்தானே...

எலிகியா: மாதா காத்துக்கிட்டிருப்பா. போ. கதவைச் சாத்திட்டுப் போ.

நிமியா: ...ஓ. சரிக்கா. உங்க ரெண்டு பேருக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன். அண்ணே, விட்டுடாதீங்க... குச்சியைச் சொன்னேன்.

அமான்சியோ: ஏன் அவளை விரட்டறே? ஐஸைப் போட்டு இன்னொரு கப்பு ஊத்து. யாரு அந்தக் கடைசிப் பிள்ளை?

எலிகியா: அது... எர்மெலிந்தோ. எர்மெலிந்தோன்னு ஒரு பையன்.

அமான்சியோ: எந்த ஊரு?

எலிகியா: பிலார். ஆத்துல தண்ணி ஏறிப் போச்சாம். டவர் விழுந்துடுச்சாம். அதான் நேரமாகுது. வாயைத் திற, சிப்பா ரொட்டி. நெஞ்சடைக்கப் போகுது, சின்னதாக் கடி.

அமான்சியோ: ம்ம்... சூடா இருக்கு. என்ன தீசிஸ் அவனுக்கு?

எலிகியா: மாட்டு... மாட்டு உண்ணி.

அமான்சியோ: மாட்டு டாக்டரா! எங்கப்பா என்னை அப்படி ஆக்கணும்னுதான் ஆசைப்பட்டாரு, தெரியுமா? அப்பா அம்மா இருக்காங்களா பையனுக்கு?

எலிகியா: அம்மா மட்டும்தான். தைச்சுப் படிக்க வைக்கறாங்களாம்.

அமான்சியோ: பாவம். நல்ல பையனா?

எலிகியா: பிடிவாதக்காரன். மனசுல இருக்கறதை வாய் விட்டுச் சொல்லமாட்டான். மத்தபடி நல்லவன்தான்.

அமான்சியோ: ரொம்ப நேரம் பேசியிருக்கியா அவன்கிட்ட?

எலிகியா: பேச விட்டாத்தானே... இன்னொரு துண்டு?

அமான்சியோ: கொடு. உனக்கு?

எலிகியா: நானும் சாப்பிடறேன். நெட்டு நின்னு போற பயம் இல்லாம உன்கூட உட்கார்ந்து தின்னு எவ்வளவு நாளாச்சு. பேராசிரியரோட செய்தித்தாளைக்கூடத் திறந்து விட்டுட்டேன், இனி போன் வராது.

அமான்சியோ: வீட்டுல அந்த எலுமிச்சை மரம் இருக்கா?

எலிகியா: இருக்கு. காய்ச்சுக் கொட்டுது. பறிக்கத்தான் ஆள் இல்லை. நடுக்கிளை எனக்கு எட்டாது.

அமான்சியோ: ஏணி எங்கேயிருக்கு?

எலிகியா: நீ வெச்ச இடத்துலதான்.

அமான்சியோ: பையன் வந்தானா பாரு.

எலிகியா: வரலை.

அமான்சியோ: இப்ப?

எலிகியா: இப்பத்தானே கேட்டே!

அமான்சியோ: நீ அந்தத் தெய்சிகிட்ட பேசினியே, அந்த மாதிரி இவனுக்கும் ஒரு போன் போட்டுப் பேசேன்.

எலிகியா: டவர் இல்லைன்னேனே... மணி அஞ்சாச்சு அமான்சியோ.

அமான்சியோ: ஆயிடுச்சா? அதுக்குள்ளயா?

எலிகியா: ஆயிடுச்சு. மூட வேண்டியதுதான்.

அமான்சியோ: மூடாதே! ஏய், மூடாதேடி! அந்தத் தாய்க்காரி தைச்சுத் தைச்சு... ஒரு வருஷம் போச்சுன்னா அவ எங்கே போவா? இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வை. நாளைக்கு லீவு, எவன் வந்து பார்க்கப் போறான்?

எலிகியா: உன் கை தாங்காது. பாரு, நடுங்குது. போதும், கையை எடு. நான் மூடிடறேன்.

அமான்சியோ: கைக்கு ஒண்ணும் இல்லை.

எலிகியா: நடுங்குதுங்கறேன்.

அமான்சியோ: அது சும்மா நடிப்பு! எலிகியா... நான் ஒண்ணு சொல்றேன், கத்தாதே. புது காண்டாக்டர் ஒண்ணு என் பையிலேயே இருந்துச்சு. நீ தெய்சிகிட்ட பேசறப்ப நின்னுச்சே, அப்பவே மாட்டிட்டேன். கை வழுக்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை. இந்தக் குச்சி எதையும் அழுத்தலை, இந்தா, கீழே போட்டுட்டேன், ஓடுது பாரு. மாட்டி முடிச்சா நீ கையெழுத்தைப் போட்டு அனுப்பிடுவே, நான் லூக்கேக்கு பஸ் ஏறணும்... அதான் சொல்லலை. நீ ஊட்டினது வேற நல்லா இருந்துச்சு. என்னைத் திட்டு, மறுபடி விரட்டு, எதை வேணும்னாலும் பண்ணு. ஆனா மிஷின் விடிய விடிய ஓடும், என் கையை நினைச்சு அந்தப் பையனுக்கு வாசலைச் சாத்திடாதே. எர்மெலிந்தோ வர்ற வரைக்கும் திறந்து வை... ஏண்டி, சிரிக்கறியா அழறியா? ஏதாவது சொல்லேன்!

எலிகியா: முதல்ல உள்ளே வா, வெயில்ல வெந்தது போதும். பக்கத்துல அணைச்சு வெச்ச திரையில சன்னல் அப்படியே தெரியும் மடையா, நான் தெய்சிகிட்ட பேசறப்ப நீ ரெண்டு கையாலயும் மாம்பழம் உரிச்சுத் தின்னதைப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். கடைசி தீசிஸ் அவளோடதுதான். எர்மெலிந்தோன்னு ஒருத்தன் பிலார்லயும் இல்லை, வேற எங்கேயும் இல்லை.